மூன்றாவது சீட்டு

வாத்தியாரின் இடது கன்னத்தை வழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசும்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"அந்த மூணாவது சீட்டு நான் போட்டதுங்க."

வலது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. கட்டிலுக்கு அருகே ஆக்ஸிஜன் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. எந்தச் சீட்டு என்று அவர் கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அந்த வீட்டில் சீட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான்.

அவர் உயிரியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் பெரிய பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்தார். ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டைனோசரை எத்தனாவது நாள் சார் படைச்சாங்க?" என்று கேட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போயிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது, தவளையை ஆயிரம் தடவை அறுத்துக் காட்டியவருக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. கடவுளின் நாள் நம் காலண்டர் நாள் இல்லை, உயிர்கள் கோடிக்கணக்கான வருடங்களில் ஒன்றிலிருந்து ஒன்றாக வந்தன, வரவைத்தவர் அவர்தான் என்று விளக்கினார். அடுத்த ஞாயிறுக்குள் பன்னிரண்டு வீட்டிலிருந்து புகார்.

சபைக் குழுவில் ஐந்து பேர். பேக்கரிக்காரரும் தண்ணீர் வாரிய அதிகாரியும் அவரை வேதபாடத்திலிருந்து நீக்கியே தீரவேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். போதகர், இருக்கட்டும் என்றார். நான்காவது ஆள் கண்ணாடிக்கடைக்காரர், வாத்தியாருக்கு முப்பது வருட நண்பர். ஆறு நாள் என்றால் ஆறே நாள், வேண்டுமானால் மணிக்கணக்கில் எண்ணிக்கொள் என்கிற ரகம். விளக்கம் கேட்கக் கூப்பிட்டிருந்த வாத்தியாரோடு அன்று அரைமணி நேரம் மல்லுக்கட்டியதும் அவர்தான். ஐந்தாவது, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள். சொந்தப் புருஷன் விஷயத்தில் அவள் ஓட்டுப் போடலாமா என்று ஒரு பேச்சு எழுந்து அமுங்கியது. யார் பக்கம் போடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சீட்டில் எழுதி மடித்துப் போட்டார்கள். நீக்கச் சொல்லி மூன்று, இருக்கச் சொல்லி இரண்டு.

வாத்தியார் வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினார். இரண்டு பேர் தெரிந்தவர்கள். போதகர் சொன்ன சொல் மாறமாட்டார். பெண்டாட்டியை எண்ணவேண்டிய அவசியமே இல்லை. மிச்சம் கண்ணாடிக்கடைக்காரர். அதன்பிறகு அவரைத் தெருவில் கண்டால் வாத்தியார் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தாள். முதல் வாரம் சொல்லியிருந்தால் சண்டையோடு போயிருக்கும். முதல் வருடம் கடந்தபிறகு சொல்ல வழியே தெரியவில்லை.

"ஏன்?" என்றார் அவர். அதற்கே மூச்சு வாங்கியது.

"மருந்துக்கடையில நின்னு பாத்தாத்தான் தெரியும். மாத்திரையை வாங்கிட்டு, உங்க வீட்டுக்காரர் குரங்குலேர்ந்து வந்தவராமேன்னு கேப்பாங்க. வர்றவங்க எல்லாரும். நானும் சிரிக்கணும். நீங்க சொன்னது தப்புன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. பாடம் போனா பேச்சும் ஓயும்னு நெனைச்சேன்."

"ஓஞ்சுதா?"

"ஓஞ்சுது. கூடவே கண்ணாடிக்கடை அண்ணனும் போயிட்டாரு."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். காய்ந்த நுரை கன்னத்தில் வெடிக்கத் தொடங்கியது.

"கோவமா இருக்கா?" என்று கேட்டாள்.

"உன்மேல கோவப்படணும்னா பத்து வருஷமாவது வேணும். எனக்கு இன்னைக்கு ஒரு நாள் இருந்தாலே பெரிசு." கொஞ்சம் இளைப்பாறிவிட்டுச் சொன்னார்: "மிச்சத்தையும் வழி. அவனைக் கூப்பிடு. பாதி முகத்தோட அவன் முன்னாடி கெடக்க முடியாது."

அவள் வழித்தாள். பிறகு முன்னறைக்குப் போய் கண்ணாடிக்கடையின் போன் எண்ணைத் தேடிப் போட்டாள்.

"அவனே கூப்பிடச் சொன்னானா தங்கச்சி?"

"அவரேதான் அண்ணே."

"எதுக்கு?"

"நீங்க வாங்கண்ணே."

"ரெண்டு பஸ் மாறணும். இரு, கடையைச் சாத்திட்டு வர்றேன்."

வாத்தியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிவிடச் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பவர். வேறு கடைக்குப் போக மனசில்லை, அந்தக் கடைக்குப் போக வீம்பு விடவில்லை. அதனால் இத்தனை நாள் குத்துமதிப்பாகத்தான் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வந்துட்டானா?" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை உதடு மட்டும் அசைந்தது. பதினொன்றே முக்காலுக்கு அவர் மூச்சு நின்றுவிட்டது. இயந்திரம் மட்டும் விடாமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

அடுத்த தெருவிலிருந்து டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மகளுக்குப் போனில் சொன்னாள், நாளைக்குத்தான் வந்து சேரமுடியும் என்று மகள் அழுதாள். சவ வண்டிக்குச் சொன்னாள். ரேசரைக் கழுவித் துடைத்து வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கண்ணாடிக்கடைக்காரர் கட்டிலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எப்போ?"

"முக்கால் மணி நேரம் ஆச்சுண்ணே."

"முதல் பஸ்ஸை விட்டுட்டேன்," என்றார். பிறகு, "எதுக்குக் கூப்பிட்டான்?"

ஜெபம் பண்ணக் கூப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். அவர் முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் போவார். சீட்டு விஷயம் கட்டிலில் கிடப்பவரோடு மண்ணுக்குள் போய்விடும். அந்தப் பொய் அவள் நாக்கின் நுனி வரை வந்தது. அதை மென்று முழுங்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

அவர் நின்றபடியே கேட்டார்.

"அப்போ போதகர் இல்லையா?"

"இல்லண்ணே."

"நான் அவன் இருக்கணும்னுதான் எழுதிப் போட்டேன். அவன் சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட நான் ஒத்துக்கல, இப்பவும் ஒத்துக்கல. அதுக்காக? பிள்ளைங்களுக்கு ஜெபிக்கக் கத்துக்கொடுக்க அவனை விட்டா யார் இருந்தா?" குரல் உயர்ந்து தாழ்ந்தது. "போதகர்தான் பேச்சை மாத்திட்டாருன்னு நெனைச்சேன். அந்தாள் முகத்துல முழிக்கக் கூடாதுன்னு சபையையே மாத்திட்டேன். பாவம், மனுஷன் கடை வாசல்ல வந்து நின்னாரு. உள்ளே வாங்கன்னு கூடச் சொல்லல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி இரண்டு இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

"உனக்குத்தான்டா போட்டேன்னு போய்ச் சொல்லிக் காட்டணுமா நான்? அவனுக்குத் தெரியும்னு இருந்துட்டேன். நான் எதிர்த்துப் பேசினது பிடிக்காம ஒதுங்கிட்டான்னு நெனைச்சேன்." அவளைத் திரும்பிப் பார்த்தார். "உன்னைத் தங்கச்சின்னுதானே கூப்பிட்டேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"அது அப்புறம். ஒரு நாற்காலி கொண்டா."

சமையலறையிலிருந்து கொண்டுவந்து கட்டிலோரம் போட்டாள். அவர் உட்கார்ந்து, அவளை வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். சாத்தினாள், ஆனால் பழைய கதவு, பேச்சை மறைக்கிற அளவுக்கு அது பொருந்தாது.

"டேய். கண்ணை அவ்வளவு ஒழுங்கா படைச்சிருந்தா உனக்கெதுக்குடா கடைன்னு கேட்டே. அன்னைக்குக் குழுவுல, எல்லார் முன்னாடியும். எனக்கு வாயடைச்சுப் போச்சு. பஸ்ல வரும்போதுகூட அதைத்தான் யோசிச்சேன். கடை கண்ணுக்கில்லடா, வயசுக்கு. புதுசுல எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு."

பேச்சு நின்றது. பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றது.

"தெரியும். பிறக்கும்போதே பார்வை இல்லாத பிள்ளைக்கு என்ன வயசாச்சுன்னு கேப்பே. அதானே? வேறென்ன கேப்பே நீ."

நாற்காலி கிறீச்சிட்டது.

"இரு. சொல்றேன்."

வெளியே சவ வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிப் படியேறி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எடுத்துக்கலாமா அக்கா?"

அவள் கதவில் காது வைத்தாள். உள்ளே சத்தமில்லை.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. அண்ணன் இன்னும் பதில் சொல்லல."

ஓட்டுநர் அவளையும் சாத்திய கதவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய் வண்டியின் என்ஜினை அணைத்தார்.