கொசுறாக வந்த வளையம்

கரா-சூ சந்தையில் விற்பவன் ஒரு சாமானைப் புகழ்ந்தால் அது விலைபோகாதது. இகழ்ந்தால், அதை வேறு யாருக்கோ ஒளித்துவைத்திருக்கிறான். துர்தாகுன் இதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவன். தன்னை ஏமாற்றும் வியாபாரி இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று தன் ஊரான குல்சோ முழுக்கச் சொல்லிவைத்திருந்தான்.

நைந்துபோன ரப்பர் வளையம் ஒன்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அன்று சந்தைக்கு வந்திருந்தான். சோவியத் பட்டாளம் கழித்துக்கட்டிய 'ஜில்' ரக ஆறு சக்கர லாரி அவனுடையது. அதன் பெட்ரோல் வடிகட்டிக் கிண்ணத்தின் வாயை அடைக்கும் வளையம் அது. கிண்ணம் காற்றை உறிஞ்சினால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். ஏற்றத்துக்கு அப்பால்தான் அவனுடைய ஆட்டு மந்தையின் குளிர்காலத் தீவனம், வெட்டிக் காயவைத்த புல், குவிந்து கிடந்தது. முதல் பெரும்பனி விழுந்தால் கணவாய் வசந்தம்வரை திறக்காது. புல் வராவிட்டால் ஆடுகள் கசாப்புக்குத்தான்.

பழைய கண்டெய்னருக்குள் கடை வைத்திருந்த உஸ்பெக் வியாபாரி ஹோஷிம், தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கறுப்பு வளையம் ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இத எடுத்துக்க தம்பி. சீனாவுலேர்ந்து வந்த புது சரக்கு. பெட்ரோலுக்குன்னே செஞ்சது."

"என் லாரி பட்டாளத்துல இருந்தது ஹோஷிம் அகா. சீனாக்காரன் ரப்பர வச்சா அதுக்கு மானம் போயிரும்." துர்தாகுனின் கண் மேல்தட்டில் நின்றது. மெழுகுத்தாள் பொட்டலம், அதன்மேல் சிவப்பு நட்சத்திர முத்திரை. "அது என்ன?"

"அது சும்மா அழகுக்கு. பிரிக்காம கிடக்கு, அவ்வளவுதான். ரப்பருக்கும் ஆயுசு உண்டுப்பா."

"எந்தப் பெரிய மனுஷனுக்கு எடுத்து வச்சிருக்கீங்க?"

ஹோஷிம் பெருமூச்சு விட்டார். "பொய் சொன்னா சிரிச்சிக்கிட்டே காசு குடுக்குறீங்க. உண்மை சொன்னா போலீஸ்காரன் மாதிரி குடையிறீங்க."

துர்தாகுன் எழுந்து போனான், திரும்பி வந்தான், பக்கத்துக் கடையை விசாரிப்பதுபோல் பாவனை செய்தான், மறுபடி வந்தான். உண்மைக்குச் சந்தையில் கிராக்கி இல்லை என்று கண்டபிறகு வியாபாரி வேறென்ன செய்வார்? பொட்டலத்தை இறக்கி, கேட்டதற்குமேல் வாங்கிக்கொண்டார். ஆனாலும் மனசு உறுத்தியது போலும். கறுப்பு வளையத்தையும் சேர்த்துக் கையில் திணித்தார்.

"கொசுறு. வண்டியிலயே வச்சுக்க."

கொசுறாகக் கொடுக்கிறான் என்றால் அதன் யோக்கியதை தெரியாதா? துர்தாகுன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

நட்சத்திர வளையத்தை மாட்டியதும் லாரி வீட்டு முற்றத்தில் குதிரைக்குட்டிபோலத் துள்ளியது. மறுநாள் காலையில் மனைவி சூராகானையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். புல்லை ஏற்ற இன்னொரு கை வேண்டுமே.

உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இஞ்சின் இருமியது, விக்கியது, அடங்கியது.

கிண்ணத்தைக் கழற்றினான். வளையம் பழைய ரொட்டியின் ஓரம்போலத் துண்டு துண்டாக உள்ளங்கையில் உதிர்ந்தது. டயர் டியூபிலிருந்து ஒன்று வெட்டி மாட்டினான். வண்டி கொஞ்ச தூரம் ஏறியது. அதற்குள் பெட்ரோலில் ஊறி உப்பிய ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிட்டது. இடுப்பிலிருந்த தோல் பெல்ட்டை அறுத்து, சாப்பாட்டு மூட்டையிலிருந்த ஆட்டு வால்கொழுப்பைத் தடவி வைத்துப் பார்த்தான். கொழுப்பைப் பெட்ரோல் கழுவிக் குடித்துவிட்டது. தோல் சுருங்க, துளித்துளியாக ஒழுகல். விரல்கள் மரத்துப்போயின. மேற்கே வானம் சாம்பல் பூத்துக் கீழிறங்கி வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது.

"சூராகான், அந்தக் கறுப்பு வளையம் எங்க? கொசுறா வந்தது."

"தக்காளி ஊறுகா ஜாடியில. மூடி நிக்கலன்னு கேட்டப்ப நீங்கதான குடுத்தீங்க. இதுக்குத்தான் லாயக்குன்னு சொல்லி."

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகல."

முதல் பனித்துகள் முன்கண்ணாடியில் ஒட்டியது. துடைக்கும் முன்பே அடுத்தது. பிறகு துடைத்துப் பயனில்லை என்று விட்டுவிட்டான். உச்சி மறைந்தது. அதற்கு அப்பால் கோடை முழுக்க இருவரும் முதுகொடிய வெட்டிய புல், இனி யாருக்கும் இல்லை.

சூராகான் சால்வையைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அவனும் இறங்கிக் கதவைச் சாத்தினான். பூட்டவில்லை.

நெடுநேரம் நடந்தபிறகு சொன்னான்: "கீழ போனதும் கசாப்புக்காரனுக்கு ஆள் அனுப்பணும்."

"அனுப்புங்க," என்றாள் சூராகான், திரும்பாமலே. "பேரத்த நான் பேசிக்கிறேன்."