நூற்றிருபது கிலோவுக்கு ஒரு ஸ்தோத்திரம்

நான் கணக்கு டீச்சர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

கல்லூரியில் படிக்கிறபோது டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கிற எடையைக் குனிந்து பிடித்து நிமிர்ந்து நிற்கிற போட்டியில், நூற்றிருபது கிலோ தூக்கியவள் நான். பிறகு கல்யாணம், இரண்டு பிரசவம், பேப்பர் திருத்தல் என்று இருபத்து நாலு வருஷம் போயிற்று. நாற்பத்தேழு வயதில் முத்தையாபுரத்தில் தங்கப்பாண்டி அண்ணாச்சியின் ஜிம்முக்குள் மறுபடி நுழைந்தபோது, என் வீட்டுக்காரர் ஜேசுபாதம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது அடி கண்டெய்னரை அலுங்காமல் தூக்கி வைப்பார். பெண்டாட்டி ஒரு கம்பியைத் தூக்கினால் மட்டும் பதறுவார். "ஏளா, முதுகு போச்சுன்னா யாரு பாக்கது?" என்பதே பத்து மாதமாக அவர் பாட்டு.

எங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது. அதனால் வருஷா வருஷம் ஆயுதபூஜைக்கு முன்னால் அண்ணாச்சி ஜிம்மின் எடைத் தட்டுகளைச் சுரண்டி, கப்பலுக்கு அடிக்கிற பெயிண்டை அடிப்பார். இந்த வருஷம் அடித்த அடியில் தட்டுகளில் இருந்த எண்கள் மூழ்கிப்போயின. பூஜை முடிந்ததும், தடிமனைப் பார்த்து அவரே பிரஷால் எண் எழுதினார்.

பூஜைக்கு முன்பு நூற்றைந்தில் நாக்குத் தள்ளியவள், பூஜை முடிந்த நாலாம் நாள் நூற்றிருபதைத் தூக்கிவிட்டேன். ஒரே வாரத்தில் யாருக்கும் பதினைந்து கிலோ கூடிவிடாது என்று ஒரு கணக்கு டீச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? எங்கே தெரிந்தது! சந்தோஷத்தில் அழுதேன்.

வீட்டில் சொன்னதும் ஜேசுபாதம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "காலேஜுல தூக்குன அதே எடையா?" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக் கோயிலில், நன்றிக்காகக் கவரில் போடுகிற ஸ்தோத்திரக் காணிக்கைகளை அறிவிக்கும்போது, வீடு கட்டி முடித்தவர்கள், பேரன் பிறந்தவர்கள் பெயருக்கு நடுவே குருவானவர் வாசித்தார்: "சகோதரி ஷீஜா நூற்றிருபது கிலோ தூக்கக் கர்த்தர் பாராட்டின கிருபைக்காக, கணவர் ஜேசுபாதம்." சபையே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குத் தெரியாமல் கவர் போட்டிருக்கிறார் மனுஷன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றி நாலு பேர் முன்னால் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை. எந்தப் பதக்கமும் எனக்கு அவ்வளவு இனித்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது வினை. பதினைந்து என்று எழுதியிருந்த தட்டு இருபதைவிடக் கனத்தது. இரண்டையும் பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். அண்ணாச்சி மாற்றி எழுதியிருந்தார். அவர் இருபது என்று எழுதிய தடிமனான தட்டுகளின் பின்பக்கம் குழிவு, அவைதான் பதினைந்து. இருபது என்று நம்பி நான் மாட்டிய நாலு தட்டும் அவைதான். தட்டுக்கு ஐந்து கிலோ கழித்தால் நான் தூக்கியது வெறும் நூறு.

"தப்பு நடந்துபோச்சு டீச்சர். யாருகிட்டயும் சொல்லாண்டாம்" என்றார் அண்ணாச்சி.

"கோயில்ல மைக்குல வாசிச்சாச்சு அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட மூத்தோர் வலுதூக்கும் போட்டி. முதல் எடையாக நூற்றுப்பதினைந்து எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்று வாய்ப்புகள். எடையை ஏற்றலாம், இறக்க முடியாது. மூன்றும் தவறினால் பூஜ்யம். போட்டி தொடங்குவதற்கு முன் மட்டும் முதல் எடையை மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்துவிடும். அந்தப் பெருமையை அவர் முகத்திலிருந்து பிடுங்க எனக்கு மனசே வரவில்லை. பேசாமல் நூற்றுப்பதினைந்தையே இழுத்துப் பார்த்தால் என்ன என்று சனிக்கிழமை முழுக்கத் தவித்தேன்.

ஞாயிறு காலை, ஆராதனையை விட்டுவிட்டு என்னைப் பைக்கில் கூட்டிவந்தார். மண்டப வாசலில் இறங்கியதும் சொல்லிவிட்டேன். "ஏங்க, நான் தூக்குனது நூறுதான். தட்டுல நம்பர் மாறிப்போச்சு."

ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். பிறகு மெதுவாகக் கழற்றினார்.

"இதுக்கா ரெண்டு நாளா சரியா சோறு திங்காம கெடந்த? கண்டெய்னர்மேல எழுதுன எடைய நம்பி நான் ஒருநாளும் தூக்குனதில்ல. போ, நூறுன்னு மாத்திட்டு வா."

நூறு ஏறியது. நூற்றுப்பத்தும் ஏறியது, கண்ணில் பூச்சி பறந்தாலும். என் வயதுப் பிரிவில் இரண்டாம் இடம் உறுதியாகிவிட்டது. மூன்றாவதுக்கு என்ன எடை என்று கேட்டார்கள். நூற்றிருபது என்றேன். சுத்த வீம்புதான், வேறென்ன.

கம்பி தரையை விட்டு எழுந்தது. முழங்கால் வரை வந்தது. அதற்கு மேல் வர மாட்டேன் என்று நின்றது. "விடாதளா! விடாத!" என்று கூட்டத்திலிருந்து ஒரு கத்தல். பத்து மாதமாக முதுகு, முதுகு என்று புலம்பியவரின் குரல். நானும் விடவில்லை, கம்பிதான் இறங்கிவிட்டது. நடுவர்களின் மூன்று விளக்கும் சிவப்பு. நான் மேடையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் குருவானவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, கோயிலில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். காணிக்கைச் சீட்டுகளை வாசித்துக்கொண்டே வந்தவர் ஒரு சீட்டில் தடுமாறினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாக வாசித்தார்.

"சகோதரி ஷீஜா நூற்றுப்பத்து கிலோவை முழுவதுமாகவும், நூற்றிருபது கிலோவை முழங்கால் வரையிலும் தூக்கக் கர்த்தர் பாராட்டின கிருபைக்காக, கணவர் ஜேசுபாதம்."