டீச்சர் ஒட்டிய கைகள்

டீச்சர் வீட்டுக்காரர் காலையில் எழுந்து பல் தேய்ப்பார், பால் காய்ச்சுவார், சட்டைக்கு இஸ்திரி போடுவார், கதவைப் பூட்டி ஒருமுறை இழுத்துப் பார்ப்பார், ஆரம்பப் பள்ளியின் இரண்டாம் வகுப்பறைக்குப் போய் இறந்துபோன மனைவியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார், பிறகு பஸ் ஏறி அலுவலகம் போவார். அந்தக் கை ஆரஞ்சு நிறத் தாளில் வெட்டி, பின்சுவரின் நடுவில் ஒட்டியது. வெதுவெதுப்பாக இருக்கும். ஞாயிறு விடுமுறை கழிந்து வரும் திங்கட்கிழமைகளில் விரல்கள் சற்று இறுக்கமாகப் பற்றும்.

பள்ளி திறக்கும் நாளில் டீச்சர் பாடம் எடுத்ததே இல்லை. பிள்ளைகள் அழுது ஓய்ந்ததும் ஆளுக்கொரு வண்ணத்தாள் கொடுப்பார். இடது கையைத் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டி, பெயர் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். பயந்த பிள்ளைகளுக்காக முதலில் தன் கையை ஒட்டுவார். ஆண்டின் கடைசி நாளிலும் தன் கையைத்தான் முதலில் உரிப்பார். அதன்பின் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, தாள்கை மேல் சொந்தக் கையை வைத்துப் பார்க்கச் சொல்வார். விரல்நுனிகள் வெளியே நீண்டிருக்கும். “வளர்ந்துட்டே, எடுத்துட்டுப் போ” என்பார். கடைப் பசையில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மைதாவில் பசை காய்ச்சுவது வீட்டுக்காரர் வேலை. கட்டி தட்டினால் திட்டு விழும்.

அந்த ஆண்டு கடைசி நாள் வருவதற்குள், பள்ளிக்குப் போகும் வழியில், திருப்பத்தில் வந்த லாரி டீச்சரை அடித்துவிட்டது. மாற்றாக வந்தவர் மதிப்பெண் போட்டு ஆண்டை முடித்தார். கைகளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவை சுவரிலேயே நின்றன.

பள்ளி திறந்தபோது, மூன்றாம் வகுப்புக்குப் போன அந்தப் பிள்ளைகளின் இடது கைகள் வளரவில்லை. மகளின் சீருடைக்கு அளவெடுத்த தையல்கார அம்மாதான் முதலில் பார்த்தவர். அதன்பின் எல்லா வீட்டிலும் பார்த்தார்கள். அந்த வகுப்பு கைதட்டினால் சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்டது. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். தலைமை ஆசிரியை சுவருக்கு வெள்ளை அடிக்கச் சொன்னார், மறுநாள் காலையில் கைகள் வெள்ளைக்கு மேலே இருந்தன. பெயின்டர் ஒரு பச்சைக் கையைச் சுரண்டினார். பக்கத்து அறையில் ஒரு பிள்ளை இடது கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றது. பெயின்டர் ஏணியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. டீச்சர் கை முதலில் வர வேண்டும், பிறகு மற்றவை வரும். டீச்சர் இல்லாதபோது அதைப் பசை காய்ச்சியவர்தான் உரிக்க முடியும். தலைமை ஆசிரியை தயங்கித் தயங்கிக் கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம் என்றார் வீட்டுக்காரர். எல்லா வாரமும் அப்படியே சொன்னார். அந்த ஆண்டும் முடியப் போனது.

ஒரு காலை அவர் கையைப் பிடித்து நிற்கும்போது, தையல்கார அம்மா மகளோடு வாசலில் வந்து நின்றார்.

“வர்றீங்க, பிடிக்கிறீங்க, போறீங்க. உங்க கஷ்டம் புரியாம இல்ல தம்பி. ஆனா இவளைப் பாருங்க. ஒரு கை இவளோடது, இன்னொண்ணு பாப்பாவோடது. உங்களுக்குப் பிடிச்சுக்க ஒரு கை வேணும்னு இத்தனை புள்ளைங்க கை நிக்கணுமா?”

சிறுமி சொன்னாள்: “டீச்சர் திருப்பித் தரேன்னு சொன்னாங்க அங்கிள்.”

மறுநாள் அவர் பால் காய்ச்சிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, வாளியில் ஊற்றி, பழைய துண்டோடு போனார். ஈரத்துணியை ஒற்றினார். ஆரஞ்சு விரல்கள் அவர் கட்டைவிரலைப் பற்றின. அவர் இழுக்கவில்லை. சுண்டுவிரலில் தொடங்கி அவை ஒவ்வொன்றாகத் தாமே விட்டன, கை சுவரிலிருந்து கழன்று வந்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து கையை வைத்தார்கள். யாருக்கும் விரல்நுனி வெளியே நீளவில்லை. அச்சாகப் பொருந்தியது. அப்படியும் அவர் “வளர்ந்துட்டே, எடுத்துட்டுப் போ” என்றார். ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

அன்று மாலை வீடுவீடாக நெட்டி முறிக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது கைகள் சரியாகிவிட்டன. டாக்டர் மாத்திரையைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டார்.

டீச்சர் கை வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்து வெறும் தாளானது. அதை மேசை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தார். பள்ளி மறுபடி திறந்தபோது புது டீச்சர் சுவரின் நடுவில் தன் கையை ஒட்டினார். பசை வீட்டுக்காரர் காய்ச்சிக் கொடுத்தது, கட்டி இல்லை. அன்றைய கூட்டத்தில் தலைமை ஆசிரியை, என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் பழைய டீச்சரின் கடைசி வார்த்தை என்றார். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. இப்போது அவர் எழுகிறார், பால் காய்ச்சுகிறார், இஸ்திரி போடுகிறார், கதவை இழுத்துப் பார்த்துவிட்டு நேராக பஸ்ஸுக்குப் போகிறார்.

லாரி அடித்த அந்தக் காலையில் டீச்சர் ஒரு காலில் செருப்பு மாட்டியபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னது இதுதான்: “கத்தரிக்கோல எடுத்த இடத்துல வைங்க. எத்தனை தடவ சொல்றது.”