கேவிகனின் நிழலுக்குக் கிடைத்த வேலை

பார்ட்லி கேவிகன் போஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது அவனுக்கு நிழல் இல்லை. இதில் மர்மம் ஒன்றுமில்லை. அயர்லாந்தில், அவன் ஊரான மேயோ பக்கத்தில் யார் அமெரிக்காவுக்குக் கப்பலேறினாலும், இனி எங்கே பார்க்கப்போகிறோம் என்று, ஆள் உயிரோடு இருக்கும்போதே இழவு வீடு கூட்டி, அழுது, விஸ்கி குடித்து, ஆடி அனுப்பிவைப்பார்கள். பார்ட்லிக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுதுவிட்டார்கள். அவன் நிஜமாகவே செத்துவிட்டான் என்று நம்பி, நிழல் ஊரிலேயே தங்கிவிட்டது.

போஸ்டனில் நிழல் இல்லாததை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வாய் இருந்ததுதான் தொந்தரவு. 'ஐரிஷ்காரர் வேலை கேட்டு வர வேண்டாம்' என்று கடைக்குக் கடை பலகை. பலகை இல்லாத இடத்திலும் அவன் வாயைத் திறந்ததுமே ஊரைக் கண்டுபிடித்துக் கதவைச் சாத்தினார்கள். முப்பத்தொரு கதவுகள். மனைவி ஹனோராவுக்கோ வேலை கிடைத்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தான். அவள் வருவதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்க நாயாய் அலைந்தான்.

வசந்தத்தில் ஹனோரா வந்து இறங்கினாள், சால்வையில் சுருட்டிய நிழலோடு.

"இந்தா, பிடி. உருளைக்கிழங்கு தோண்ட நல்லா ஒத்தாசையா இருந்துச்சு. உங்கம்மாதான் அவன்கிட்டயே சேர்த்துடுன்னாங்க. சரி, எங்கய்யா அந்த வேலை?"

பார்ட்லி முப்பத்தொரு கதவுகளையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னான்.

மறுநாள் அவளே இருவரையும் இழுத்துப்போய் விட்கம் கம்பளிக் கிடங்கு வாசலில் நிறுத்தினாள். நிழல் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. முதலாளி எட்டுக் கேள்வி கேட்டார். எதற்கும் அது வாய் திறக்கவில்லை.

"அடக்கமான பையன். அந்த ஐரிஷ் பேச்சு இழுவை சுத்தமா இல்ல" என்று அப்போதே சேர்த்துக்கொண்டார்.

ஆறு வருடத்தில் நிழல் எழுத்தராகி, மேற்பார்வையாளராகி, பட்டுத்தொப்பியும் வாங்கிவிட்டது. அதன் சம்பளத்தில் பார்ட்லிக்கு வயிறு நிறைந்தது, மனம்தான் ஆறவில்லை. தன் வாயால் கேட்டு ஒரு வேலை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். கிடங்கில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் துவைத்த சட்டையோடு வரிசையில் நின்றான். மேசைக்குப் பின்னால் அவன் நிழல்.

"எம்மாம் பெரிய மூட்டையானாலும் தூக்குவேன்" என்றான், அசல் மேயோ இழுவையில்.

நிழல் முகம் சுளித்தது. அடுத்தவனை வரச்சொல்லிக் கைகாட்டியது.

பார்ட்லிக்கு அழுகையே வந்துவிட்டது. "கூடவே பொறந்ததுக்கு இவ்வளவு கொழுப்பா?" என்று ஹனோரா கொதித்தாள். அன்று மாலை சாப்பாட்டு மேசையருகே அதற்கு நாற்காலி போடவில்லை. அந்த வாரமே நிழல் வசதியான தெருவில் தனிவீடு பார்த்துக்கொண்டு போனது. அக்கம்பக்கத்தாரோ, நம்மவர்களில் ஒருவர் பெரிய ஆளாகிவிட்டார் என்று பார்ட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிழல் எதிரே வந்தால் பார்ட்லி குல்லாவைக் கழற்றி ஒதுங்கி வழிவிடுவான். மனசு நன்றாக இருந்தால் அதுவும் லேசாகத் தலையாட்டிவிட்டுப் போகும்.