மூன்று நிமிடச் சூடு

ஒரு காலில் ரப்பர் பூட்ஸ், மறு காலில் வீட்டுச் செருப்பு. அந்தக் கோலத்திலேயே நோலீன் வண்டியைக் கிளப்பினாள்.

வாசலில் நின்ற அவள் கணவன் மெர்வ், தலைமுடியில் ஒட்டியிருந்த பாப்கார்னைத் தட்டிக்கொண்டே கத்தினான். "ஒரு போன் பண்ணிச் சொல்லிடேன்."

"என் நம்பரை அவ ப்ளாக் பண்ணி ஆறு வருஷம் ஆச்சு."

மணி ஐந்தே முக்கால். பக்கத்துப் பண்ணை டெஸ்லி சாயங்காலப் பால்கறவையை முடித்திருப்பாள். விடிகாலை நாலுக்கு மறுபடி மாடுகளிடம் போகவேண்டியவள். ஆறு அடித்தால் படுக்கையைத் தேடுவாள். அதற்கு முன் அந்தப் பையை மைக்ரோவேவில் வைப்பாள்.

அது நோலீன் தைத்த தூக்கப் பை. உள்ளே சோளமணி, காய்ந்த லாவெண்டர், கெமோமில் பூ, எலுமிச்சை வாசமடிக்கும் மிர்ட்டில் இலை. சூடாக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கொட்டாவி தானாக வரும். அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம். குளிருக்குப் பரிசாகக் கொடுக்கப் பன்னிரண்டு தைத்திருந்தாள். மாடு உதைத்த தோளோடு டெஸ்லி ஒரு மாதமாகத் தூங்கவில்லை என்று கேள்விப்பட்டு, முதல் பையை நேற்று வேலிக்கு மேலே நீட்டினாள்.

"வச்சிட்டுப் போ" என்றாள் டெஸ்லி. ஆறு வருடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

இன்று மெர்வ் தன் இடுப்புக்கு ஒரு பையைச் சூடாக்கினான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படபடபட. கதவைத் திறந்தால் சமையலறை முழுக்க வெள்ளைப் பூ.

"கொட்டகையில எந்த மூட்டைய எடுத்தே?"

"வலது பக்கம். சோளம்னுதானே கேட்டே?"

"கோழிச் சோளம் இடது பக்கம். வலது பக்கம் பாப்கார்ன் சோளம்."

"நான் பஸ் ஓட்டினவன். மூஞ்சியப் பார்த்து சோளத்துக்குப் பேர் சொல்லத் தெரியுமா எனக்கு?"

வண்டி, பண்ணை வாசல் தரையில் பதித்த மாட்டுத் தடுப்புக் கம்பிகள் மேல் தடதடத்தது. நோலீன் வேகத்தைக் குறைக்கவில்லை. காரணம் ஒரு கேக்.

ஆறு வருடத்துக்கு முன், கண்காட்சிப் போட்டிக்கு ஸ்பான்ஜ் கேக் செய்யும்போது சோளமாவு தீர்ந்துவிட்டது. டெஸ்லியிடம் ஒரு ஜாடி வாங்கினாள். ஜாடியில் இருந்தது சோடா உப்பு. நடுவர் ஒரு வாய் வைத்துவிட்டு மூன்று தம்ளர் தண்ணீர் கேட்டார். முதல் பரிசு ரிப்பன் டெஸ்லிக்குப் போனது. "ஜாடி மாறிப்போச்சு, நோலீன்" என்றாள் அவள். நோலீன் நம்பவில்லை. நம்பாததோடு நிற்காமல், ஊரில் ஒரு வாசல் விடாமல் சொல்லியும் வந்தாள்.

நேற்றே வெடித்திருந்தால் இந்நேரம் ஊருக்கே தெரிந்திருக்கும். இப்போது பை வெடித்தால், "மூட்டை மாறிப்போச்சு, டெஸ்லி" என்று எந்த முகத்தோடு சொல்வது? இந்த முறை வேலி வேலியாகவே நின்றுவிடும்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். மைக்ரோவேவ் ஓடிக்கொண்டிருந்தது.

"டெஸ்லி, அதை நிறுத்து."

"உள்ள இருக்கறது சூப்புடி. சூப்பை எதுக்கு நிறுத்தணும்?" டெஸ்லி அவள் கால்களைப் பார்த்தாள். "என்ன, பாதி ஆள் வேலைக்கும் பாதி ஆள் படுக்கைக்கும் கிளம்பிட்டியா?"

"அந்தப் பையைக் குடு. தையல் சரியில்ல."

"என் கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"லாவெண்டர் கம்மியாப் போட்டுட்டேன்."

"குடுத்த பரிசைத் திருப்பிக் கேக்கறே. இதை நான் ஊரெல்லாம் போய்ச் சொல்லவா?"

நோலீன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "உள்ள இருக்கறது பாப்கார்ன் சோளம். மெர்வ் மூட்டைய மாத்திட்டான். வேணும்னு செய்யல. நீ நம்பணும்னு கேக்க எனக்கு வாயில்ல. அன்னிக்கு நீ சொன்னப்ப நான் நம்பலையே."

டெஸ்லி அலமாரியைத் திறந்து ஒரு பெரிய கிண்ணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நிறையப் பாப்கார்ன். அங்கங்கே ஊதாப் பூக்கள்.

"நேத்தே வெடிச்சாச்சு. பூனை இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு."

"அய்யோ."

"சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சு அப்படியே தூங்கிட்டேன். ஒரு மாசத்துல முதல் தூக்கம். உன் பை வேலை செய்யுதுடி."

"கோவமே வரலையா?"

"வஞ்சம் தீர்க்கறவ, மூணு நிமிஷம் சூடு பண்ணுன்னு சீட்டு எழுதி, ஓரத்துல பூவும் வரைஞ்சு குடுப்பாளா? சாப்பிடு. கொஞ்சம் சோப்பு வாசம். உப்பு தூக்கலாப் போட்டா இறங்குது."

நோலீனுக்குக் கண் கலங்கியது. ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "என்னை மன்னிச்சிரு, டெஸ்லி. உன் ஜாடியும் இப்படித்தான் மாறியிருக்கும். அது தெரியாம ஆறு வருஷம் உன்னைத் திட்டித் தீர்த்துட்டேன்."

பாப்கார்ன் மென்றுகொண்டிருந்த டெஸ்லியின் வாய் நின்றது. சூப்பு சூடாகி மணியடித்தது. எழுந்து போய் அதை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்ற வேண்டியதைவிட மெதுவாக ஊற்றினாள்.

"வண்டிச் சாவியை இப்படிக் குடு."

"எதுக்கு?"

"குடேன்."

கொடுத்தாள். டெஸ்லி அதைத் தன் சட்டைப் பைக்குள் பத்திரமாகப் போட்டுக்கொண்டாள். சூப்புக் கிண்ணத்தை நோலீன் பக்கம் தள்ளினாள். பிறகுதான் சொன்னாள்:

"அந்த ஜாடி மாறல, நோலீன்."