பென்சிலின் ஆகாத குடும்பம்

எங்கள் வீட்டில் நான்கு பேருக்குப் பென்சிலின் ஆகாது. அப்பா வின்சன்றுக்கு, அக்கா கொன்ஸ்ரன்ஸுக்கு, அவளுடைய ஒன்பது வயது மகள் நிலூஷாவுக்கு, எனக்கு. அக்காவின் கணவர் எட்வேட் அத்தானுக்கு மட்டும் எல்லா மருந்தும் ஆகும்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பப்பாவுக்கு 1964இல் பென்சிலின் ஊசி போட்டார்கள். உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடங்கி, பாதிரியாரையும் கூப்பிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்து, பால் விடாத பிளேன்ரீ கேட்டாராம். வருடா வருடம் அந்த நாளில் கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை கொடுத்து, வீட்டில் விருந்து வைப்போம். பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு முன்பே அப்பா ‘பென்சிலின் ஆகாது’ என்று சிவப்பு அட்டை எழுதி லமினேற் செய்துவிடுவார். எங்களில் ஒருவரும் பென்சிலினை வாயில் வைத்ததே இல்லை.

சாப்பாட்டு மேசையில் அட்டைக்காரருக்குத்தான் கதிரை. அம்மா சாகும்வரை பிரிட்ஜுக்குப் பக்கத்து ஸ்டூலில் இருந்துதான் சாப்பிட்டாள். பிறகு அது அத்தானுக்கு வந்தது. பன்னிரண்டு வருடமாக அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு அதில் இருக்கிறார்.

“எட்வேட் நல்ல பொடியன்தான்,” என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்வார். “ஆனா எதைக் குடுத்தாலும் ஏத்துக்கொள்ளுற உடம்பு. என்ன செய்ய?”

போன மாசி மாதம் சுபோதினி மிஸ் வந்தார். அன்ரிபயோட்டிக் யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆராய்ச்சி செய்கிற டொக்டர்.

“ஐயா, இப்பிடிச் சிவப்புக் காட் வச்சிருக்கிற கனபேருக்கு உண்மையில ஒண்டும் இல்லை. வீணா வேற கடும் மருந்து குடிக்கிறீங்க.”

“எங்களுக்குப் பரம்பரையா இருக்கு மிஸ்.”

“இது காணி உறுதி மாதிரிப் பரம்பரையா வாறதில்லை ஐயா.”

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. “அப்ப வந்து காட்டுறம்.”

வான் பிடித்து வெள்ளவத்தையில் அவருடைய கிளினிக்குக்குப் போனோம். அப்பா கோட் போட்டிருந்தார். அத்தான் பிளாஸ்க்கும் பாணும் தூக்கி வந்தார்.

ஒவ்வொரு கையிலும் மூன்று இடத்தில் குத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பா கத்தினார். “இந்தா வீங்குது! பாருங்க!”

“அது சோதனைக்காக எல்லாருக்கும் வீங்க வைக்கிற மருந்து ஐயா. பென்சிலின் இங்க. ஒண்டும் இல்லை.”

நான்கு பேருக்கும் ஒன்றும் இல்லை. பிறகு மருந்தைக் குடிக்கத் தந்து ஒரு மணித்தியாலம் இருத்தி வைத்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூச்சு நிற்கும் என்று காத்திருந்தார்.

“நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யுது,” என்றார்.

“பசி தாத்தா,” என்றாள் நிலூஷா. பாண் சாப்பிட்டதும் அது நின்றுவிட்டது.

மிஸ் எங்கள் நான்கு அட்டைகளையும் கேட்டு வாங்கினார். அப்பா தன்னுடையதை விரல் விரலாகத்தான் விட்டார்.

அப்போது அத்தான் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். “மிஸ், எனக்கும் ஒருக்காப் பாப்பீங்களா?”

“உனக்கு என்னத்துக்கு?” என்றார் அப்பா.

“கலியாணம் முடிச்ச மூண்டாம் மாசம் பல்லுக்கு அமொக்ஸிசிலின் குடிச்சனான், அதுவும் பென்சிலின்தானே. உடம்பெல்லாம் தடிச்சு, வாய்ச் சொண்டு வீங்கினது.”

அக்கா திடுக்கிட்டாள். “அது இறால் எண்டெல்லோ சொன்னீங்க!”

“அது உங்கட வீட்டுப் பரம்பரை வருத்தம் கொன்ஸி. எனக்கும் இருக்கு எண்டு சொன்னா, கதிரைக்கு ஆசைப்பட்டுச் சொல்றன் எண்டு நினைச்சிருப்பீங்க.”

இறால் என்று சொன்னதால் பன்னிரண்டு வருடமாக வீட்டில் இறால் சமைக்கும் நாளெல்லாம் அவருக்குப் பருப்பு. இறால் என்றால் அவருக்கு உயிர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஸ் அவருடைய கையில் குத்தினார். பென்சிலின் புள்ளி ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்கு எழும்பியது.

“இவருக்குத்தான் காட் வேணும்,” என்றார் மிஸ்.

அப்பா அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்பரின்ர தடிப்பு,” என்றார். “அப்பிடியே அப்பரின்ர தடிப்பு.” திரும்பும்போது வானில் முன் சீற்றை அத்தானுக்குக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அப்பப்பாவின் நாள் விருந்து வந்தது. அட்டைக்காரருக்குத்தான் கதிரை என்பதை அப்பா மாற்றவில்லை. தானே போய் ஸ்டூலில் இருந்தார். அக்காவும் நிலூஷாவும் நானும் சோற்றுக் கோப்பையோடு பிரிட்ஜில் சாய்ந்து நின்றோம். ஆறு பேர் இருக்கும் மேசையில் அத்தான் தனியே இருந்தார். அவருக்கு முன்னால் ஒரு சட்டி இறால்.

“நீங்களும் வந்து இருங்கோவன்,” என்றார்.

“அது எப்பிடி?” என்றார் அப்பா. “எங்களிட்டக் காட் இல்லையே. நீங்கள் சாப்பிடுங்கோ.” அப்பா அவரை நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

அத்தான் ஒரு இறாலை எடுத்தார், எங்களைப் பார்த்தார், வைத்துவிட்டார். பிறகு சட்டைப் பையில் இருந்த புதுச் சிவப்பு அட்டையைக் கதிரையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களோடு பிரிட்ஜில் சாய்ந்தார்.

“தள்ளு பிள்ளை,” என்றார் நிலூஷாவிடம். “உன்ர அப்பாவுக்கும் இடம் விடு.”

ஸ்டூலில் இருந்த என் அப்பா கதிரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டியில் இருந்து பெரிய இறாலாக ஒன்று எடுத்து, கோப்பையில் போட்டு அட்டைக்கு முன்னால் வைத்தார்.