கொட்வின் 1911இலிருந்து வந்த வழி

2006ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் டூட்டிங்கில் காணாமற்போன கொட்வின், 1911இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் ட்ராம் வண்டிக்காகக் காத்து நின்றான். கண்டுபிடித்தது அவன் மனைவி பெனிற்றா. அந்தப் பகுதியின் ஆவணக் காப்பகத்தில் பழைய படங்களை ஸ்கேன் செய்வது அவளுடைய வேலை. தொப்பி போட்ட ஆண்கள் இருபது பேருக்கு நடுவில், போன அன்று போட்டிருந்த ஸிப் வைத்த ஜாக்கெட்டுடன், பஸ்ஸைத் தவறவிட்டவனின் முகத்தோடு நின்றான். வயது அதே முப்பது. அவன் காணாமற்போனது அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்த நேரம். குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனால் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் வீட்டைவிட்டுப் போனவன். விசா கொடுத்த கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. அதைப் பத்தொன்பது வருடமாகச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

காப்பகப் பொறுப்பாளர் சற்குணம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஆள் அவன்தான் என்று ஒத்துக்கொண்டார். 1880ஆம் ஆண்டுப் படமொன்றில் பெய்த மழை மேசையில் வழிந்ததை முன்பொருமுறை துடைத்தவர் அவர்; பதற்றப்படவில்லை.

"பின்பக்கம் எழுதலாமோ அண்ணை?"

"பென்சிலால எண்டால் எழுதலாம். பேனையால ஏலாது."

'விசா கிடைச்சிட்டுது. பயமில்லை. வாங்கோ' என்று எழுதித் தன் பெயரையும் போட்டாள்.

அடுத்த நாள் 1912ஆம் ஆண்டுப் பெட்டி மேசைக்கு வந்தது. டிசம்பர் மாத நத்தார்ச் சந்தைக் கூட்டத்தில் கொட்வின் தோளில் பையுடன் நின்றான். வேறு பாதை இல்லாததால் வருடம் வருடமாக வந்துகொண்டிருந்தான். 1926இல் வேலைநிறுத்தக்காரர்களுக்குத் தேநீர் ஊற்றினான். 1941இல் குண்டு விழுந்த வீட்டிலிருந்து ஒரு பியானோவைத் தூக்கி வெளியே வைத்தான். 1953இல் தெருவிருந்தில் கேக் தின்றான். ஒன்றிலும் முப்பது வயதுக்கு மேல் இல்லை. பெனிற்றா அதைக் கேட்டபோது, "இன்னும் பிறக்காத ஆளுக்கு எப்பிடி வயசு போகும்?" என்றார் சற்குணம். கொட்வின் பிறந்தது 1976. அந்த வருடத்திலிருந்து அவனுக்கும் எல்லோரையும்போல வயது ஏறத் தொடங்கியது. 1985இல் கண்ணாடி போட்டிருந்தான். கடைசிப் பெட்டியிலிருந்த 1999ஆம் ஆண்டுப் படத்தில், காய்கறித் தோட்டக்காரர்களோடு, தலை முழுக்க வழுக்கையாக நின்றார். பின்பக்கம் எல்லோருடைய பெயரும் முகவரியும் இருந்தன. அவர் வீடு பெனிற்றாவின் ஃபிளாட்டிலிருந்து பத்து நிமிட நடை.

அரைநாள் லீவு போட்டாள். தனக்கு நாற்பத்தாறு, அவருக்கு எழுபத்தொன்பது என்று கணக்குப் பார்த்தபடியே நடந்தாள். சந்தோஷத்தைவிடக் கோபம்தான் கூட இருந்தது. கதவைத் திறந்த கிழவர், "வாரும்" என்றார்.

"இவ்வளவு கிட்ட இருந்துகொண்டு ஏனப்பா வரேல்லை?"

"வந்தனான். நான் போன அடுத்த நாள் பெல் அடிச்சனான். அப்ப எனக்கு அறுபது வயசு. நீர் கதவைத் திறந்து, 'அவர் இல்லை ஐயா, பிறகு வாங்கோ' எண்டு சொன்னனீர்."

பெனிற்றாவுக்கு அது நினைவிருந்தது. அன்று பொலிஸுக்கு ஃபோன் எடுத்துக் காதில் வைத்தபடியே கதவைத் திறந்தவள், வந்தவரின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"1911இல நான் வாசிச்சதை நீர் இன்னும் எழுதேல்லை எண்டு விளங்கிச்சுது. எழுதுமட்டும் பொறுத்திருந்தன்" என்றார் கொட்வின். அவர் குரலில் குறை எதுவும் இல்லை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்து நெடுநேரம் அழுதாள். பிறகு எழும்பி, அவருடைய உடுப்புகளையும் பிறஷருக்குப் போடும் குளிசைகளையும் ஒரு பையில் அடுக்கினாள்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் மெல்ல நடந்து மரக்கறியும் மீனும் விற்கும் கடைக்குப் போனார்கள். கடைக்கார முருகேசன் இருபது வருடத்துக்கு முன்னர் கொட்வினுக்கு மீன் விற்றவர்.

"என்ர மனுசன் வந்திட்டார்" என்றாள் பெனிற்றா.

முருகேசன் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை கொஞ்சம் மெலிஞ்சிட்டார்" என்றுவிட்டு, முருங்கைக்காயைத் தராசில் வைத்தார்.